கேமரா வேண்டாம் என்றவர்

இறுதியாண்டில் மருத்துவமனைப் பயிற்சிக்கு என்னைக் கோலா சிலாங்கூருக்கு அனுப்பினார்கள். நான் படித்தது பேச்சுச் சிகிச்சை. பட்டம் வாங்க வேண்டுமென்றால் பயிற்சியின் முடிவில் ஒரு போர்ட்ஃபோலியோ கொடுக்க வேண்டும். நோயாளிக்கு நாம் போட்ட திட்டம், பயிற்சியின் வீடியோ, அதில் கற்றது என்ன என்ற கட்டுரை எல்லாம் அதில் இருக்க வேண்டும். வகுப்பில் தமிழ்ப்பெண் நான் ஒருத்திதான். மற்றவர்கள் சேர்ந்து சேர்ந்து கோலாலம்பூரிலேயே இடம் பிடித்துவிட்டார்கள். நான் தனியாக விழுந்தேன்.

ஒரு மருந்துக்கடையின் மாடியில் அறை எடுத்தேன். வேலை முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பைத் திறப்பேன். வகுப்பின் வாட்சப்பில் எல்லோரும் கூடிச் சாப்பிடும் படங்கள் வரும். நான் ஒரு சிரித்த முகத்தை அனுப்பிவிட்டுக் கடையில் கட்டி வந்த மீ கோரெங் நூடுல்ஸைப் பிரிப்பேன். பகல் முழுவதும் மலாயும் ஆங்கிலமும்தான். சில நாள் படுக்கும்போது, இன்றைக்குத் தமிழில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே என்று தோன்றும்.

அப்போதுதான் சிகிச்சைக்கு ஒரு தமிழ் அங்கிள் வந்தார். தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்து, வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே வார்த்தை.

"எதுக்கும் இல்லன்னுதாம்மா சொல்வாரு," என்றார் கூட வந்த ஆன்டி, அவர் மனைவி. "பசிச்சாலும் இல்ல, தண்ணி வேணும்னாலும் இல்ல."

அங்கிள் தலையாட்டிக்கொண்டே, "இல்ல, இல்ல," என்றார்.

பேச்சுப் பயிற்சிக்காக எங்கள் துறையில் இருந்த பட அட்டைகளில் குளிர்நாட்டுப் பனித்தொப்பியும் கணப்படுப்பும்தான் இருந்தன. நான் அறையில் உட்கார்ந்து வேறு அட்டைகள் செய்தேன்: லோரி, கெம்போங் மீன், ரொட்டி, ரப்பர் பூட்ஸ். அவரோடு தமிழிலேயே பேசினேன். நான் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. பதில்தான் வராது. அந்த ஊரில் நான் மனம்விட்டுத் தமிழ் பேசிய ஒரே ஆளுக்குப் பேச வராது என்பதை நினைத்தால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

ஒரு நாள் லோரி அட்டையை எடுத்து, "லோ..." என்று ஆரம்பித்தேன். அவர் என் வாயையே பார்த்தார். "லோ... லோரி," என்றார். ஆன்டி வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார்.

இதுதான் என் போர்ட்ஃபோலியோவுக்கு உயிர் என்று முடிவு செய்தேன். அடுத்த முறை கேமராவோடும் சம்மதப் படிவத்தோடும் உட்கார்ந்தேன்.

"வீடியோ எடுக்கலாமா அங்கிள்?"

"இல்ல."

"அவரு அப்படித்தான் சொல்வாரு. நீ எடும்மா, நான் கையெழுத்துப் போடுறேன். ஒனக்குப் பரீட்சையாச்சே," என்றார் ஆன்டி.

எனக்கும் போடச் சொல்லத்தான் ஆசை. ஆனால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஓரத்தில் வழிந்த எச்சிலை இடது கையால் துடைத்தார். நான் ஒரு தாளில் சரிக் குறியும் இன்னொன்றில் தப்புக் குறியும் பெரிதாக வரைந்து அவர் முன்னால் வைத்தேன். லோரி ஓட்டினவரா என்று கேட்டதும் விரல் சரிக்குப் போனது. பிறகு கேமராவைக் காட்டித் திரும்பவும் கேட்டேன். விரல் தப்பில் போய் அழுந்தியது. தாள்களை இடம் மாற்றிக் கேட்டேன். மறுபடியும் தப்புதான்.

"வேணாம் ஆன்டி. அவரு சொல்லிட்டாரு," என்று கேமராவைப் பைக்குள் வைத்தேன்.

ஆன்டி அந்தத் தாள்களை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு அவரைப் பார்த்து, "நான் காலையில குடுக்குற ஓட்ஸ் கஞ்சி புடிக்குதா?" என்று கேட்டார். விரல் தயங்காமல் தப்புக்குப் போனது. "அடப்பாவி மனுசா, இத்தன மாசமாக் குடிச்சீங்களே லா!" என்று அவர் தோளில் தட்டினார். அங்கிள் கோணிய வாயோடு சத்தம் போட்டுச் சிரித்தார். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்ததே இல்லை என்று ஆன்டி சொன்னார்.

வீடியோவுக்கு என்னிடம் வந்த ஒரு குழந்தையின் பயிற்சியை வைத்தேன். அங்கிளைப் பற்றி எழுதியது கட்டுரை மட்டும். பயிற்சி முடிவில் மருத்துவமனைக்கு வந்து நடத்திய நேர்காணலில் விரிவுரையாளர் அந்தப் பக்கத்தைப் புரட்டி, "உன்னுடைய நல்ல வேலை இதுதான். ஆனால் இதற்கு ஆதாரம் எங்கே?" என்றார்.

"அவர் வேண்டாம் என்றார்."

அவர் அடுத்த பக்கத்துக்குப் போனார். தேறினேன். மதிப்பெண் நடுத்தரம்தான். அந்தச் சிகிச்சை அறையில் என்னென்ன நடந்தது என்று யாரிடமாவது முழுக்கச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லத்தான் ஆளில்லை.

சாமான்களோடு அந்த ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று கிள்ளான் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒரு தமிழ் அம்மா வந்து உட்கார்ந்தார். மடியில் காய்கறிப் பை.

"எங்கம்மா, வீட்டுக்கா?" என்றார்.

"ஆமாம்மா," என்று தொடங்கியவள்தான், கிள்ளான் வந்து அவர் எழுந்து நிற்கும்வரை நான் வாயை மூடவே இல்லை.