முப்பத்தேழாம் பக்கம்

போன வாரம் கல்லூரித் தோழன் ஒருவன் வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினான். திண்டுக்கல்லை அடுத்த ஆத்தூர்ப் பக்கத்து விவசாயம் பற்றி யாரோ எப்போதோ எழுதிய சின்னப் புத்தகம். 'உங்க ஊரு மேட்டரு, படிச்சுப் பாரு' என்று கீழே குறிப்பு வேறு. நான் எங்கே படித்தேன்? பதினெட்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். இடது மூலையில் ஒரு கட்டைவிரல். நகத்தில் பாதி உரிந்த மெரூன் பாலிஷ், கணுவில் பிளாஸ்திரி. என்னுடைய விரல்தான். ஊரில் பெரிய மனிதர்களுக்குக் கல்வெட்டில் பெயர் இருக்கிறது. எனக்கு இணையத்தில் கட்டைவிரல் இருக்கிறது.

பிளாஸ்திரியைப் பார்த்ததும் மூக்கில் பழைய புத்தக அலமாரியின் அந்துருண்டை வாசம் ஏறியது. அதன் பின்னாலேயே தயாளன் சாரின் முகமும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கோபம் பிரிக்காத பொட்டலம் மாதிரி அப்படியே இருக்கிறது. இருக்கட்டும். சில கோபங்களைக் கெட்டுப்போக விடக்கூடாது.

கல்லூரி முடித்த கையோடு கிடைத்த வேலை அது. திண்டுக்கல்லில் ஒரு கிளை நூலகம். எந்தக் கிளை என்று மட்டும் கேட்காதீர்கள். பழைய புத்தகங்களையெல்லாம் படமெடுத்து மின்னூலாக்கும் ஒப்பந்தத்தை வெளியூர் நிறுவனம் ஒன்று எடுத்திருந்தது. நான் அதன் ஸ்கேனிங் ஆபரேட்டர். நாகல் நகர் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஏறும்போதே தமிழர் அறிவுச் செல்வம் முழுவதையும் கரையானிடமிருந்து நான்தான் மீட்கப் போகிறேன் என்ற நினைப்பு. பக்கத்தில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்தவர்களிடம்கூட விளக்கியிருக்கிறேன்.

உண்மையில் வேலை என்னவென்றால் பக்கம் புரட்டுவது. மேலே காமிரா, கீழே தாங்கி, தாளை அமுக்க ஒரு கண்ணாடி. கண்ணாடியின் விளிம்பு விரலை அறுக்கும். தாங்கியின் மேல் விரிக்கக் கறுப்புத் துணி வேண்டும். நிறுவனம் அனுப்பவில்லை. 'அடுத்த வாரம் வந்துருமுங்க' என்றார் எங்கள் மேற்பார்வையாளர் தயாளன் சார். ஒட்டன்சத்திரத்துக்காரர், பேச்சில் 'ங்க' போடாமல் மூச்சுகூட விடமாட்டார். அடுத்த வாரம் வரவே இல்லை. ஓரத்தில் வெள்ளிப் பூ வைத்த என் கறுப்புத் துப்பட்டாவையே விரித்துவிட்டேன். நல்ல துப்பட்டா. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நூலகர் ஸ்டெல்லா அக்கா. நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். சொந்த ஊர் ஆத்தூர். ஒல்லி உடம்பில் அத்தனை பெரிய குரல் எங்கே இருந்தது என்று தெரியாது. 'அமைதி காக்கவும்' பலகைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அவள் பேசினால் வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர் பதில் சொல்வார்.

அவளிடம் நான் முதல் திட்டு வாங்கியது முத்திரை விஷயத்தில். எல்லாப் புத்தகத்திலும் முப்பத்தேழாம் பக்கத்தின் அடியில் சின்னதாக ஒரு நூலக முத்திரை, பக்கத்தில் பேனாவில் ஓர் எண். முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் முத்திரை இருக்கிறதே, நடுவில் எதற்கு? யாரோ கைதவறிக் குத்திவிட்டார்கள் என்று முடிவு செய்து, ஸ்கேன் படத்தில் அதை மென்பொருள் வைத்துப் பளிச்சென்று துடைத்துவிட்டேன். ஒன்பது புத்தகம். பெருமையாக அக்காவிடம் காட்டினேன்.

"அடிப் பாவி! அது ரகசியப் பக்கம்டீ!"

"அப்படின்னா?"

"களவாங்குறவன் முன்னாடி பின்னாடி கிழிச்சிருவான். நடுவுல ஒண்ணு இருக்குறது அவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரு நம்பரு. நம்மளுது முப்பத்தேழு. பதிவேட்டு நம்பரும் அதுலதான் இருக்கு. வெளிய சொன்ன, நாக்க அறுத்துருவேன்."

"அம்புட்டு ரகசியத்த பெருமாள் கோயில் வரைக்கும் கேக்குற மாதிரி சொல்றீங்களேக்கா."

ஒன்பதையும் மறுபடி எடுத்தேன்.

அக்காவுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. கார்டு மறந்து வந்தவர்களுக்கும் புத்தகம் கொடுத்துவிடுவாள். ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் பெயரை எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவைப்பாள், அவ்வளவுதான். 'படிக்கிற கழுதைக திருப்பித் தரும்' என்பாள். தந்தார்கள். அதுதான் ஆச்சரியம்.

தயாளன் சார் மூன்று அட்டைப்பெட்டி நிறையப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு போனதும் அந்தப் பழக்கத்தின் பேரில்தான். இறுகத் தைத்த பழைய புத்தகங்கள் கண்ணாடிக்கு அடியில் விரியாது, அதனால் தையலைப் பிரித்துப் படமெடுத்துவிட்டு மறுபடி பைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டும். "ஏனுங்கக்கா, நீங்க எதுக்கு அலையுறீங்க? நானே பைண்டிங்ல போட்டுக் கொண்டாந்துர்றனுங்க" என்றார். அக்கா பென்சிலால் எழுதிச் செருகினாள்.

இனி என் பங்கு. அந்த மாதக் கடைசியில், சாப்பாட்டு நேரத்தில், தயாளன் சார் ஒரு தாளை நீட்டினார். 'ஸ்கேன் செய்யப்பட்ட நூல்கள் அனைத்தும் நல்ல நிலையில் நூலகரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டன.' கீழே பட்டியல், அதில் அந்த மூன்று பெட்டியும். "சும்மா பார்மாலிட்டிங்க, தங்கச்சி" என்றார். ஒரு கையில் தயிர்ச்சோற்று டப்பா. மறு கையால் போட்டேன் கையெழுத்து, கடைசி எழுத்தைச் சுழித்து, அடியில் இரண்டு புள்ளி வேறு. அந்தச் சுழிப்பை நினைத்தால் இன்றும் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

திட்டம் முடிந்தது. நிறுவனம் சாமான்களைக் கட்டிக்கொண்டு போனது. என் துப்பட்டாவும் போனது. பெட்டிகள் மட்டும் வரவில்லை. 'பைண்டிங்ல இருக்குதுங்க' என்றே அக்காவுக்குப் பதில் வந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் நான் அக்காவைப் பார்க்கப் போயிருந்தபோது காதர் பாய் வந்தார். தோல் குடோனில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் வந்து நான்கு பேப்பரையும் வரி விடாமல் படிப்பவர். பழைய தோல் வியாபாரிகள் மலர் ஒன்றைக் கேட்டார். அதில் அவருடைய அத்தாவின் போட்டோ இருக்கிறதாம், பேரனுக்குக் காட்டவேண்டுமாம். அதுவும் மூன்று பெட்டிக்குள் ஒன்று. இல்லை என்றதும் குரல் ஏறிவிட்டது. "நாங்க நம்பிக் குடுத்த பொஸ்தகம். யாரும்மா வித்துத் தின்னது?"

அத்தனை வாசகர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஸ்டெல்லா அக்கா மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த பென்சில் துண்டுத் தாளை உருவி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பெட்டிகளைக் காணோம் என்று மனு மேலே போனது. தயாளன் சார் தாளை நீட்டினார். "திருப்பிக் குடுத்தாச்சுங்களே சார். அந்தப் புள்ளயே கையெழுத்துப் போட்டிருக்குதுங்க." நூலகத் துறை அதிகாரி என்னை அழைத்தார்.

"கையெழுத்து உன்னோடதுதானம்மா?"

"ஆமா சார். ஆனா பாக்காமப் போட்டேன்."

"படிச்ச புள்ளதான?"

"ஆமா சார்."

"அப்புறம்?"

அப்புறம் என்ன? பென்சில் துண்டுத் தாள் செல்லாது என்றார்கள். அக்காவுக்கு மெமோ. விசாரணை முடியும்வரை வேடசந்தூர்ப் பக்கத்துச் சின்னக் கிளைக்கு மாற்றல். புத்தகத் திருடி என்று ஒரு பேச்சு டீக்கடை வரை போய்விட்டது. இருபது வருட வேலையில் ஒரு புத்தகம் குறையாதவள். அவள் பெயரை என் சுழித்த கையெழுத்து தின்றுவிட்டது.

அந்த நாட்களில் நான் போட்ட பழிவாங்கும் திட்டங்களைப் பட்டியலிட்டால் நீங்கள் என்னோடு பழகமாட்டீர்கள். அவருடைய பைக் சீட்டில் பசை தடவுவது அதில் ரொம்ப நாகரிகமானது. எதையும் செய்யவில்லை. பைக் எங்கே நிற்கும் என்றே தெரியாது.

மூன்று மாதம் கழித்து, பழைய புத்தகம் விற்கும் இணையக் குழு ஒன்றில் 'அரிய நூல் அன்பன்' என்ற பெயரில் ஒரு விளம்பரம் பார்த்தேன். தோல் வியாபாரிகள் மலர், நல்ல நிலை, முகப்புப் பக்கமும் கடைசிப் பக்கமும் மட்டும் இல்லை. படத்தில் புத்தகத்துக்கு அடியில் கறுப்புத் துணி. ஓரத்தில் வெள்ளிப் பூ.

என் துப்பட்டா! நடுரோட்டில் நின்று கத்தினேன். ஒரு பால்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

விளம்பரத்தில் இருந்த எண்ணைப் பணம் அனுப்பும் செயலியில் போட்டேன். அனுப்பவில்லை, போட்டேன். முழுப்பெயர் வந்து நின்றது. தயாளன், முன்னெழுத்து உட்பட. பெயர் வைத்த பெற்றோரைச் சொல்லவேண்டும்.

ஆனால் விற்பவர் யார் என்று தெரிந்தால் போதுமா? எங்கள் நூலகத்துப் பிரதிதான் என்று காட்டவேண்டுமே. முன் பக்கத்தையும் பின் பக்கத்தையும் கிழித்திருந்தார், தனக்குத் தெரிந்த முத்திரையை எல்லாம் ஒழித்திருந்தார். ஸ்கேனைத் திறந்து ஒருமுறை பார்த்திருந்தாலே நடுவில் இன்னொன்று இருப்பது தெரிந்திருக்கும். ஆனால் மேற்பார்வையாளர்கள் எப்போது பக்கம் புரட்டினார்கள்?

சித்தியின் போனை வாங்கினேன். அதில் முகப்புப் படம் வேலோடு முருகன். அதிலிருந்து அடித்தேன்.

'சார், முப்பத்தேழாம் பக்கம் ஒரு போட்டோ கிடைக்குமா?'

'எதுக்குங்க மேடம்?'

'நியூமராலஜி சார். மூணும் ஏழும் பத்து, பத்துன்னா ஒண்ணு. என் நம்பர் ஒண்ணு. அந்தப் பக்கம் நல்லா இருந்தாத்தான் வாங்குவேன்.'

'நானும் ஒண்ணுதானுங்க மேடம்!' கூடவே கும்பிடும் கை இரண்டு.

படம் வந்தது. கடைசி வரிக்குக் கீழே முட்டை வடிவ முத்திரை, பச்சை மையில் எண். அவருக்கும் அது கண்ணில் பட்டுவிட்டது போல. 'ஏதோ சீல் இருக்குதுங்க மேடம், பழைய ஓனர் போட்டதாட்ட இருக்குதுங்க. வேணும்னா வெலயக் கொறச்சுக்கலாமுங்க.' என்ன ஒரு வாடிக்கையாளர் சேவை! அவர் போட்டிருந்த மற்ற விளம்பரங்களையும் சேர்த்து ஏழு புத்தகம் கேட்டேன். ஏழு முப்பத்தேழு அனுப்பினார், தன் கையால், தன் போனிலிருந்து.

அடுத்த பஸ்ஸில் வேடசந்தூர். அக்கா டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெஞ்சனத்தை ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். போனை நீட்டினேன்.

"செத்த இரு, கையக் கழுவிட்டு வாரேன்."

கழுவித் துடைத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தாள். பதிவேடு இல்லாமலேயே எண்ணுக்குரிய புத்தகத்தைச் சொன்னாள், எந்த அலமாரி என்பது உட்பட. ஏழாவது வந்ததும் சிரித்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தப் பெரிய சிரிப்பு.

"முப்பத்தேழுல மாட்டுனான் பாரு மூதேவி!"

விசாரணை அன்றைக்கு தயாளன் சார் இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையில் வந்தார். நான் படங்களை ஒவ்வொன்றாக வைத்தேன். அதிகாரி எண்ணை வாசித்தார். அக்கா பதிவேட்டில் விரல் வைத்துப் பெயரை வாசித்தாள். மூன்றாவதிலேயே அவருக்கு வியர்த்துவிட்டது. நான்காவதில் என்னைப் பார்த்தார்.

"மேடம்... நீங்களாங்க அது?"

"ஆமாங்க சார். நம்பர் ஒண்ணு."

வாழ்க்கையில் சில வாக்கியங்கள் ஒருமுறைதான் வாய்க்கும். அதை நான் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

அவர் வேலை போனது. போலீசுக்குப் புகார் போனது. விற்காமல் மிஞ்சியவை திரும்பி வந்தன. விற்றுப்போனவை போனவைதான். அவற்றின் மின்பட்டியலில் 'குறிப்பு' என்ற கட்டத்தில், மூலப்பிரதி ஏன் இல்லை, யார் எடுத்தார் என்று ஒவ்வொன்றிலும் அதிகாரியிடம் அனுமதி வாங்கி நானே தட்டச்சு செய்தேன். யாரும் இன்றுவரை திருத்தவில்லை. ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பையோடு ஒரு பெண் குழந்தை கையைப் பிடித்திருந்தது. எனக்கு இரக்கம் வரும் என்று செத்த நேரம் காத்திருந்தேன். வரவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

துப்பட்டாவையும் சாட்சிப் பொருள் என்று எடுத்து வைத்துக்கொண்டார்கள். போகட்டும்.

அக்காமேல் குற்றமில்லை என்று ஆணை வந்தது. பழைய கிளைக்கே திரும்பலாம் என்றார்கள். மலர் கிடைத்த சந்தோஷத்தில் காதர் பாய் வேடசந்தூருக்கே ஒரு அல்வா டப்பாவோடு போனாராம். "ஒரு வேகத்துல சொல்லிப்புட்டேன்மா, மனசுல வச்சுக்காதீக." அக்கா அல்வாவை வாங்கிக்கொண்டாள். திரும்பி மட்டும் வரவில்லை, அங்கேயே இருந்துவிட்டாள்.

கட்டைவிரல் படத்தைக் காட்டலாம் என்று நேற்று போயிருந்தேன். காட்டினேன், சிரித்தாள். அப்போது மில் சீருடையோடு ஒரு பெண் ஓடிவந்தாள். இருபது வயது இருக்கும். வெளியே மில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. போட்டித் தேர்வுக்கான கணக்குப் புத்தகம் ஒன்றை அலமாரியிலிருந்து சரியாக எடுத்தாள். எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்திருக்கிறாள்.

"அக்கா, கார்டு ஹாஸ்டல்ல இருக்கு. பரீட்சை ஞாயித்துக்கெழம. திங்கக்கெழம கட்டாயம் கொண்டாந்துருவேன்."

"கார்டு இல்லாம முடியாதும்மா."

"பேர எழுதி வச்சுக்கங்கக்கா."

"முடியாதுன்னேன்ல."

நான் வாயைத் திறந்தேன். "அக்கா, என் கார்டுல வேணா..."

"நீ சும்மா இரு." தணிந்த குரலில்தான் சொன்னாள். "யாரு என்னன்னு தெரியாம மறுபடியும் கையெழுத்துப் போடப் போறியா?"

அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பஸ் மறுபடி ஹாரன் அடித்தது. புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு ஓடினாள்.

அக்கா எழுந்து, புத்தகத்தை எடுத்துப் போய், அது இருந்த இடத்திலேயே செருகினாள். வரிசை ஒழுங்காக இருக்கிறதா என்று உள்ளங்கையால் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டாள். அந்தக் கிளையில் ஒரு புத்தகமும் குறைந்ததில்லை.