திரியில் ஒரு சிட்டிகை உப்பு

கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது மஞ்சுநாத் போன் செய்தான். நம் ஷெட்டில் மெஷின் ஓட்டியவன்தான். "அக்கா, சார் ஹோகிபிட்ரு" என்றான், சார் போய்விட்டார் என்று கன்னடத்தில். எந்த சார் என்று நான் கேட்கவில்லை. நமக்கு ஒரே சார்தானே. நெஞ்சு வலியாம். மல்லேஸ்வரத்து வீட்டில், காலையில் பேப்பர் படிக்கும்போதே போய்விட்டாராம்.

தேவராஜ் சாரைப் பற்றி ஷெட்டில் இருந்தவர்களுக்காக எழுதச் சொன்னார்கள். நான் ஆறாவது வரைதான் படித்தேன். பிழையை என் மகள் திருத்தினாள். விஷயத்தைத் திருத்த விடவில்லை.

ஆனேக்கல் ஷெட்டில் நான் கூட்டித் துடைப்பவள். பக்கத்துத் தொழிற்சாலைப் புகையில் இருக்கும் கரியமில வாயுவைப் பிடித்து, அதிலிருந்து மெத்தனால் என்ற எரிபொருளை சார் செய்வார். செய்ததைச் சின்ன விளக்கில் ஊற்றி எரித்துப் பார்ப்பார். அந்த நெருப்பு பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து ஒருநாள் துணியால் துடைத்துவிட்டேன். துணி பற்றிக்கொண்டது. சார் ஓடி வந்து ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தார். "உங்க மேல தப்பு இல்ல முனியம்மா. கண்ணுக்குத் தெரியாத நெருப்ப வெச்சது நான்" என்றார். என் சாப்பாட்டுப் பையில் இருந்த உப்பு டப்பாவைக் கேட்டு வாங்கி, திரியில் ஒரு சிட்டிகை வைத்தார். நெருப்பு மஞ்சளாக எழுந்து நின்றது. அதற்குப் பிறகு உப்பு வைக்காமல் அவர் விளக்கு ஏற்றியதில்லை.

"புகை சும்மா கெடைக்குதே சார், அப்புறம் ஏன் இவ்ளோ செலவு?" என்று ஒருமுறை கேட்டேன். சிரித்தார். "புகைங்கறது எரிஞ்சு முடிஞ்ச சாம்பல் மாதிரி. சாம்பல மறுபடி விறகாக்கணும்னா, எரியும்போது வந்த சூட்டையெல்லாம் திருப்பிக் குடுக்கணும், அதுக்கு மேலயும் குடுக்கணும். அதுக்கு ஹைட்ரஜன் வேணும். அத எடுக்கத் தண்ணிய ஒடைக்கறதே கரண்ட் எல்லாத்தையும் தின்னுடுது."

பணம் போடுகிறவர்கள் வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். காபி கொடுத்தது நான். "இது எப்போ மார்க்கெட் விலைக்கு வரும்?" என்று கேட்டார்கள். சீக்கிரம் வரும் என்று சொல்லச் சொல்லி ஓனர் முன்பே சொல்லிவைத்திருந்தார். சார் சொன்னது: "கரண்ட் ரொம்ப மலிவாகணும். இல்லன்னா புகை விடறவங்க அதுக்குக் காசு கட்டணும்னு சட்டம் வரணும். அதுவரைக்கும் வெளிநாட்டுலேருந்து கப்பல்ல வர்ற மெத்தனால்தான் மலிவு. எப்போன்னு எனக்குத் தெரியாது." அவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த மாதமே ஷெட்டைப் பூட்டினார்கள்.

கடைசி நாள் கேட்டில் வைத்து அவரைக் கேட்டுவிட்டேன். நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். "ஒரு பொய் சொல்லியிருந்தா என்ன சார் கொறஞ்சிருப்பீங்க?"

"சொல்லியிருந்தா பணம் வந்திருக்கும். ஆறு மாசத்துல அதுவும் தீர்ந்திருக்கும். அப்பவும் நாம வீட்டுக்குத்தான் போயிருப்போம்."

"அந்த ஆறு மாசத்துல எம் பொண்ணு நர்சிங் முடிச்சிருப்பா சார்."

அவர் கையில் இருந்த சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் போன் செய்தார். கட் செய்தேன். இன்னொரு நாளும் செய்தார். எடுக்கவில்லை. என்ன சொல்ல நினைத்தாரோ, இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

மகள் படிப்பை நிறுத்திவிட்டு இப்போது மருந்துக் கடையில் நிற்கிறாள். அதனால் அன்று அவர் சொன்னது சரி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்கிறார்கள். வராததை வந்ததாக எழுதினால் சாருக்கே பிடிக்காது.

விளக்குப் பக்கத்திலேயே இருந்த அந்த உப்பு டப்பாவைக் கடைசி நாள் எடுத்து வந்தேன். கோபத்தில்தான் எடுத்தேன், என் டப்பாதானே என்று. பாதி உப்பு அப்படியே இருக்கிறது. வீட்டில் உப்பு தீர்ந்த நாளில்கூட அதைத் தொடவில்லை. மகள் ஒருமுறை கை வைத்தாள்.

"அது சாரோடது" என்றேன்.