மருமகளுக்கு நான் காட்டாத இடம்

எனக்கு எழுபத்தாறு வயது. இப்படி ஒரு நினைவு மலரில் என் படத்தைப் போட்டு மருமகள் எழுதியிருக்க வேண்டும். அவர் படத்தைப் போட்டு நான் எழுதும்படி ஆகிவிட்டது. தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். "ரெண்டு வரி போதும்மா" என்றான் மகன். ரெண்டு வரியில் முடிகிற காரியமில்லை இது. நான் எழுதி எழுதிக் கொடுப்பதைப் பேத்தி கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள். எழுத்துப் பிழையைத் திருத்து, விஷயத்தைத் திருத்தாதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். உயிரோடு இருந்தவரை மருமகளை 'வா, போ' என்றுதான் பேசினேன். இங்கே மரியாதையோடு எழுதுகிறேன்.

மருமகள் பிறந்தது தமிழ்நாட்டில், அறந்தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். ஐந்து பெண்களில் மூன்றாவது. தாயார் சீக்கிரமே தவறிவிட, அடுப்பும் தங்கைகளும் அவர் பொறுப்பில் வந்தன. அப்படியும் பத்தாம் வகுப்பு முடித்தார். இருபத்து மூன்று வயதில் என் மகனுக்கு வாழ்க்கைப்பட்டு சிங்கப்பூர் வந்தார். விமான நிலையத்திலிருந்து டாக்ஸியில் வரும்போது கழுத்தை வளைத்து வளைத்துச் சாலையோரத்து மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். "என்ன, பட்டிக்காட்டான் முட்டாய்க் கடையப் பாத்த மாதிரி பாக்குற?" என்றேன். நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இது என்ன மரம் அத்தை?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல மனம் வராமல், "மரந்தான்" என்றேன்.

நான் இந்த ஊரில் பிறந்தவள். அதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. உறவினர்கள் அறிவீர்கள், விசேஷ வீடுகளில் என் பேச்சே "நாங்கல்லாம் இங்கயே பொறந்தவங்க" என்றுதான் தொடங்கும். ஆனால் சொல்லப்போனால் சிராங்கூன் ரோடு, தேக்கா பசார், ஃபேரர் பார்க், அதைத் தாண்டி நான் அதிகம் போனதில்லை.

மகன் இடுப்பில் அடிபட்டு ஒன்பது மாதம் படுக்கையில் கிடந்தபோது, மருமகள் கிராஞ்சியில் ஒரு செடிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். விடிவதற்கு முன் எழுந்து சமைத்து வைத்துவிட்டு ரயிலேறுவார். அங்கிருந்து எப்போதாவது வரும் பஸ்ஸுக்குக் காத்து நிற்பார். மகன் தேறி வேலைக்குப் போன பிறகும் அவர் அந்த வேலையை விடவில்லை. கூட வேலை செய்த மலாய்ச் சகோதரியிடம் மரங்களின் பெயரெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார். புதன்கிழமை அவருக்கு ஓய்வு. அன்று வீட்டில் இருக்க மாட்டார். குடையும் தண்ணீர் போத்தலுமாகக் கிளம்பிவிடுவார். சைனாடவுனில் மாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்து, "கோயிலுக்கு நாலு எட்டுல பள்ளிவாசல், அதுக்கு அந்தப் பக்கம் சீனக் கோயில். எல்லாம் ஒரே ரோட்டுல அத்தை!" என்று கண்கள் விரியச் சொன்னார். படகேறி உபின் தீவுக்குப் போனார். ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிடுவார்.

"நீங்களும் வாங்க அத்தை. உங்க வயசுக்கு பஸ் சீட்டு இலவசம் மாதிரிதான்."

"நான் பொறந்த ஊர நீ எனக்குச் சுத்திக் காட்டப் போறியா? போடி!"

உண்மை என்னவென்றால் எனக்கு ஆங்கிலப் பலகை படிக்க வராது. மருமகளுக்கு முன்னால் வழி தெரியாமல் நிற்பதற்குப் பயம். அவர் என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போவார். வந்து, பார்த்ததையெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வார். நான் டிவியைப் பார்த்தபடி கேட்பேன். கேட்கவில்லை என்று அவர் நினைக்க வேண்டும், அதுதான் என் எண்ணம்.

கிட்டத்தட்ட இருபது வருடம் நிரந்தரவாசிக்கான நீல அட்டையோடு இருந்தவர், குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். அனுமதிக் கடிதம் வந்த பிறகு, நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள சில வேலைகள் இருந்தன. கம்ப்யூட்டரில் படிப்பது, ஒரு நாள் சுற்றிப் பார்ப்பது, கடைசியாகச் சமூக மன்றத்தில் கூடிப் பேசுவது. அவர்கள் குழுவில் ஆளாளுக்கு இரண்டு நிமிடம், தன் குடும்பம் இந்த ஊரில் வாழ்ந்த கதையைச் சொல்ல வேண்டுமாம்.

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"அத்தை, உங்க அப்பா இங்க என்ன வேலை பாத்தாரு?"

"சிராங்கூன் ரோட்டுல துணிக்கடை. சொந்தக் கடை. நல்லா எழுதிக்க."

"எந்த எடத்துல?"

"எல்லாம் இடிச்சுட்டாங்க."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

சமூக மன்றத்துக்கு நானும் போனேன். என் அப்பாவின் துணிக்கடையைப் பத்துப் பேர் கேட்பதை நான் கேட்க வேண்டாமா? பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். மருமகள் பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாகச் சொல்லி முடித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அங்கே தொண்டூழியம் செய்யும் ஒரு பெரியவர், நம் தமிழர்தான், என் பக்கம் திரும்பினார்.

"சிராங்கூன் ரோட்டுல அந்தக் காலத்துத் துணிக்கடை எல்லாம் எனக்கு அத்துப்படிம்மா. உங்க கடை பேரு என்ன?"

நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்தேன். மருமகள் முந்திக்கொண்டார். "ஐயா, அத்தைக்கு அப்போ சின்ன வயசு. மரத்தப் பத்திக் கேளுங்க, நான் விடிய விடிய சொல்றேன். கடையக் கேட்டா மாட்டிக்குவேன்!" எல்லாரும் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்துக்கொண்டே அடுத்தவரிடம் போனார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மெதுவாகச் சொன்னார்.

"அத்தை, போன வருஷம் உங்க பாஸ்போர்ட்டுக்கு நாந்தானே எழுதிக் கொடுத்தேன். உங்க பிறப்புப் பத்திரத்தப் படிச்சுட்டேன். அப்பா வேலைன்னு போட்டிருக்கிறதையும் படிச்சேன்."

நான் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடையை வேகமாக்கினேன்.

"எனக்குக் கடை வேணாம் அத்தை. நீங்க பொறந்த எடத்த ஒருநாள் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. உங்க வாயால சொல்லுங்க. அது போதும்."

"நேத்து வந்தவளுக்கு எங்க வீட்டுக் கதை மேல என்னடி விசாரணை?"

"நேத்து இல்ல அத்தை, இருபத்தோரு வருஷம்" என்று சொல்லி என் பையை வாங்கிக்கொண்டார்.

சில மாதங்களில் உறுதிமொழி எடுத்து, குடிமக்களுக்கான பிங்க் அட்டையோடு வந்தார். "இப்ப நீங்களும் நானும் ஒண்ணு அத்தை." நான் சொன்னேன்: "அட்டை கலர் ஒண்ணு. அவ்வளவுதான்." இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

அந்த ஆண்டே அவருக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. சிகிச்சைக்குப் போகும் நாட்களில் நான்தான் துணைக்குப் போனேன். வலியை முகத்தில் காட்ட மாட்டார். தாதிகளிடம் அவரவர் ஊரைப் பற்றிக் கேட்பார். ஒருநாள் திரும்பி வரும்போது ஃபேரர் பார்க் பக்கம் ஒரு சிக்னலில் டாக்ஸி நின்றது. வலப்பக்கம் புல்வெளி, அதன் ஓரத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். மருமகள் கண்ணாடியில் தலையைச் சாய்த்தபடி பார்த்தார்.

"இவ்வளவு பருமன் ஆகணும்னா எழுபது எண்பது வருஷம் ஆகியிருக்கும். நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்பவே இங்க நின்னிருக்கும், இல்ல அத்தை?"

அவருக்கு இடம் தெரிந்திருந்தது. பத்திரத்தில் முகவரி இருக்கிறதல்லவா. கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பிக் காத்திருந்தார்.

நான் இடப்பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "எனக்கென்ன தெரியும்" என்றேன். சிக்னல் விழுந்தது. அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஐந்து வாரத்தில் எங்களை விட்டுப் போனார். வயது நாற்பத்தாறு.

ஓராண்டாக இதை நெஞ்சில் வைத்திருந்தேன். மருமகள் கேட்டதற்கான பதிலை இப்போது சொல்கிறேன். உறவினர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் அப்பாவுக்குத் துணிக்கடை இருந்ததில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், அப்பா துணிக்கடையில் வேலை செய்வதாக என் அம்மா சொன்னார். நான் அதைச் சொந்தக் கடையாக்கினேன். நான் பிறந்தது அந்தப் புல்வெளி இருக்கும் இடத்தில், நகராட்சித் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில். ஒரு அறை, ஏழு பேர். அப்பா சாக்கடை வாரினார். பல வருடம் கழிப்பிட வாளியும் தூக்கினார். வேலை முடிந்து வந்தால் பொதுக் குழாயில் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளிப்பார். அதற்கு முன் எங்களைத் தொட மாட்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைக் கண்டதும் மூக்கைப் பிடித்தார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றது அதனால்தான். வீட்டு வேலைக்காக நின்றேன் என்று இத்தனை நாள் சொன்னதும் பொய்.

மழை பிடித்தால் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த வாய்க்கால் எங்கே போய்க் கலக்கும், எந்த மேட்டில் சீனர் வீடு, எந்தப் பள்ளத்தில் மலாய்க் குடும்பம், எல்லாம் அப்பாவுக்குக் காலே சொல்லும். மருமகள் புதன்கிழமை தோறும் குடையோடு அலைந்து தெரிந்துகொண்ட ஊர் இதுதான். என் அப்பாவைப் பற்றிச் சொல்லியிருந்தால் அவர் கேட்டுக்கொண்டே இருந்திருப்பார். முகம் சுளித்திருக்க மாட்டார். அது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் என் பெருமை விடவில்லை.

மருமகளின் நோயில் உதவிய மருத்துவர்களுக்கும் தாதிகளுக்கும், தினமும் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், ஊரிலிருந்து ஓடி வந்த அவருடைய சகோதரிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செடிப் பண்ணையிலிருந்து வந்து சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்ற மலாய்ச் சகோதரிக்குத் தனியாக நன்றி. "'எங்க அத்தை இந்த மண்ணுல பொறந்தவங்க' என்று உங்கள் மருமகள் எங்களிடம் பெருமையாகச் சொல்வார்" என்று அவர் மலாயில் சொன்னபோது என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. என் வாயால் துணிக்கடைக் கதை கேட்டவர்கள் இனி அதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம்.

இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்துவிட்டுப் பேத்தி கேட்டாள்: "பாட்டி, அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா?"

பாதி தெரியும். மீதியைக் கேட்கத்தான் அன்று டாக்ஸியில் என் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.