அண்ணா எடுத்த ஜேர்மன் பெயர்

போன கிழமை கடைக்குப் போய்ப் பால் பெட்டிகளோடு திரும்பி வந்தேன். ஒஸ்லோவில், ரொம்மனில் நாங்கள் இருக்கிற மாடிக் கட்டடத்தின் வாசலில் தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கும். மேல்மாடியில் இருந்த சோமாலியக் குடும்பம் வீடு மாறியபிறகு வெறுமையாகக் கிடந்த பெட்டியில் புதிதாக ஒரு பெயர் ஒட்டியிருந்தது. பாடர். படிகளை யாரோ அப்போதுதான் பச்சைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியிருக்கவேண்டும், பைன் மர மணம் மூக்கை அடைத்தது. பெயரும் மணமும் ஒன்றாக வந்ததில் நான் அப்படியே நின்றுவிட்டேன். அண்ணா சொல்லாமல் கொள்ளாமல் ஒஸ்லோவுக்குத் திரும்பிவிட்டார் என்று மனம் நம்பிவிட்டது. பிறகு படியால் இறங்கிவந்த ஒரு வெள்ளைக்காரப் பெடியன், பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன் போல, எனக்கு ஒரு 'ஹாய்' சொல்லிவிட்டு அந்தப் பெட்டியைத் திறந்தான். அண்ணாவுக்கு ஒரு சொந்தமும் இல்லாத பாடர். ஜேர்மனியின் தெற்குப் பக்கத்தில் அது அவ்வளவு சாதாரணமான பெயர்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கு ஜேர்மன் பெயர் எப்படி வந்ததென்று கேட்பீர்கள். அதற்குப் பச்சைச் சவர்க்காரத்தில் இருந்துதான் தொடங்கவேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள். அண்ணா வேலை செய்த முதியோர் இல்லத்திலேயே எனக்கும் உதவியாளர் வேலை எடுத்துத் தந்திருந்தார். அந்தக் கட்டடம் முழுக்க இந்த மணம்தான். அதோடு கோப்பி மணம், அவித்த கோவா மணம். காலையில் கிழவர்களுக்கு முகம் வழிக்கவேண்டும். நான் முதன்முதலாக வழித்துவிட்ட மனிதர், பூனையோடு சண்டை பிடித்தவர் மாதிரி அன்று சாப்பாட்டு மேசைக்கு வந்தார். அதற்குப் பிறகு ஒருவரும் என் கையில் கத்தியைத் தரவில்லை. எனக்கும் அது நிம்மதி.

அண்ணா வேறு. சூடான துவாயை முகத்தில் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார். யாரைக் கண்டாலும் கையை ஓங்குகிற, பெற்ற பிள்ளைகளின் பெயரே மறந்துபோன மனிதர்கள் அவருடைய விரல் தாடையில் பட்டதும் கண்ணை மூடிக்கொள்வார்கள். எங்கே பழகினாய் என்று கேட்டால் சிரிப்பார். பழகினது அப்பாவிடம். ஊரில் அப்பா சலூன் வைத்திருந்தவர். ஒஸ்லோவில் அம்மா அதை "ஊரிலை கடை வைச்சிருந்தவர்" என்று சொல்லுவா. என்ன கடை என்று யாராவது கேட்பதற்குள் வடையை நீட்டிவிடுவா.

அந்த இல்லத்தில்தான் ஆங்கெ இருந்தாள். ஊல்ம் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்து வந்த தாதி, அண்ணாவின் வயது. முதல்முதல் அவளைப்பற்றிக் கேள்விப்பட்டபோது அம்மா, "அங்கையெண்டா எங்கை?" என்று கேட்டா. அவளுடைய குடும்பப் பெயர் இன்னும் மோசம். நோர்வே மொழியில் 'பாடர்' என்றால் 'குளிக்கிறார்' என்று அர்த்தம். அவள் ஒவ்வொரு அறையாகப் போய், "வணக்கம், நான் பாடர்" என்று சொன்னால் கிழவிகள், "நீ குளி, நான் இண்டைக்குக் குளிக்கமாட்டன்" என்று போர்வையை இழுத்துக்கொள்வார்கள்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். ஆங்கெ பாணில் பழுப்புச் சீஸை வைத்தபடி, அவர்கள் நினைப்பதும் பிழையில்லை, பெயர் வந்ததே குளிப்பில் இருந்துதான் என்றாள். பழைய காலத்தில் ஜேர்மன் நகரங்களில் பொதுக் குளிப்பு வீடுகள் இருந்தனவாம். அவற்றை நடத்தியவர்தான் பாடர். தண்ணீர் சூடாக்குவது, தலைமயிர் வெட்டுவது, முகம் வழிப்பது, பல் பிடுங்குவது, இரத்தம் குத்தி எடுப்பது, காயத்துக்கு மருந்து கட்டுவது எல்லாம் அவர் வேலை. பிறகு தொற்று நோய்கள் வந்தன, விறகும் விலை ஏறியது, குளிப்பு வீடுகளை மூடினார்கள். தொழில் போய்ப் பெயர் மட்டும் மிஞ்சியது. தங்கள் ஊர்ப் பக்கம், சுவிஸ், ஒஸ்ரியா எல்லாம் பாடர்கள் நிறைய, வடக்கே போனால் குறைவு என்றாள்.

"அதுசரி, அந்தக் காலத்தில் எங்களை மரியாதை இல்லாத சாதி என்றுதான் வைத்திருந்தார்கள்," என்றாள் வெகு சாதாரணமாக. "கனக்க ஊர்களில் பாடரின் மகனை வேறு கைவினைஞர் சங்கங்களில் சேர்க்கமாட்டார்கள். பெண் கொடுக்கமாட்டார்கள். அரசன் சட்டம் போட்டும் சனம் கேட்கவில்லையாம். சில இடங்களில் மா அரைக்கிற முல்லர்களுக்கும் அதே நிலைமைதான். இப்போது பார், ஜேர்மனியில் ஆகக் கூடப் பேருக்கு இருக்கிற பெயர் முல்லர்."

நான் அண்ணாவைப் பார்த்தேன். அவர் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அவர் சீனி போடுவதில்லை.

"உன்னுடைய பெயருக்கு என்ன அர்த்தம்?" என்று ஆங்கெ அவரைக் கேட்டாள்.

"பாம்பு," என்றார் அண்ணா.

அது பொய்யில்லை. நோர்வேயில் எங்களுக்குக் குடும்பப் பெயர் அப்பாவின் பெயர்தான், நாகன். ஆனால் அந்தப் பெயருக்குள் இன்னொரு கதை இருந்தது. அப்பாவின் தகப்பன் பிள்ளைக்கு நாகலிங்கம் என்று பெயர் பதியத்தான் போனவராம். பதிவு எழுதிய ஊர் அதிகாரி, விதானையார், "உங்கடை ஆக்களுக்கு லிங்கம் என்னத்துக்கு?" என்று கேட்டு நாகன் என்று எழுதிவிட்டார். விசயம் தெரிந்தவர்களுக்குச் சாதியை அறிய அப்படி வெட்டின பெயரே போதும். எங்கள் ஊரில் மயிர் வெட்டுகிறவரைப் பரியாரி என்பார்கள். நாட்டு வைத்தியரையும் பரியாரி என்பார்கள். வைத்தியர் பரியாரி வந்தால் கதிரை போடுவார்கள். எங்கள் அப்பா போனால் முற்றத்தில் நிற்கவேண்டும்.

ஒஸ்லோவில் இதெல்லாம் இல்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஊரில் சமாதானம் வரப்போகிறது என்று கதை நடந்த காலம் அது. மண்டபங்களில் நாங்கள் எல்லாரும் ஒரே சனம் என்று பேசினார்கள். நானும் முன்வரிசையில் இருந்து கை தட்டியிருக்கிறேன்.

அண்ணாவுக்குப் பேர்கனில் ஆஸ்பத்திரியில் வேலை செய்த சுகந்தியைப் பிடித்திருந்தது. ஒரு பயிற்சி வகுப்பில் சந்தித்து, பிறகு ரெலிபோனில் கதைத்து, இரண்டு பேரும் வீட்டில் சொன்னார்கள். சுகந்தியின் பெரியப்பா கனகசபையர் ஒஸ்லோவில் மகனோடு இருந்தார். அவர்தான் பியோர்ண்டாலில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர் மாதிரித்தான் இருந்தார். அம்மா சுட்ட பயித்தம் பணியாரத்தைப் புகழ்ந்து இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"உங்கடை பேர் என்னெண்டு சொன்னியள்?"

"நாகன்."

"நாகலிங்கமோ, நாகராசாவோ?"

"நாகன்தான்," என்றார் அப்பா.

கனகசபையர் தலையை ஆட்டினார். ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம் என்று பிறகு அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. அடுத்த கிழமை பேர்கனில் இருந்து சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் சாதகமே கொடுக்கவில்லை. சுகந்தி ஒருதரம் ரெலிபோன் எடுத்து அழுதாள். "நான் என்ன செய்ய, அப்பா சாப்பிடாமல் கிடக்கிறார்," என்றாள். அண்ணா அவளை ஆறுதல்படுத்தினார். அவர் அவளை ஆறுதல்படுத்தியதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் கோயிலுக்கும் வரவில்லை, மண்டபங்களுக்கும் வரவில்லை. வேலை, வீடு, ஆங்கெயோடு சில வேளை காட்டுக்குள் நடை. அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கனகசபையருக்குப் பாரிசவாதம் வந்து, வீட்டில் வைத்துப் பார்க்கமுடியாமல் போனபோது, அவருக்குக் கிடைத்த கட்டில் எங்கள் இல்லத்தில். அவருக்கு இருந்த கொஞ்ச நோர்வே மொழியும் போய்விட்டது. முழுக் கட்டடத்திலும் அவருக்கு விளங்கக் கதைக்கக்கூடியவர்கள் நானும் அண்ணாவும்தான். வேறு பகுதிக்கு மாறச் சொல்லி நான் அண்ணாவிடம் கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை. காலையில் சூடான துவாயை எடுத்துக்கொண்டு போவார், மற்றவர்களுக்கு வழிக்கிறமாதிரியே வழிப்பார். இழுபட்ட வாயை விரலால் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கத்தை இன்னும் மெதுவாக. கிழவர் அவரையே பார்த்துக்கொண்டு கிடப்பார். ஒருநாள் குளறிக் குளறிக் கேட்டார்:

"நாகலிங்கத்தின்ரை... மோன்?"

"இல்லை ஐயா. நாகன்ரை மோன்."

கனகசபையரின் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த நோய்க்காரருக்குக் காரணம் இல்லாமலும் வரும். எதற்கு வந்ததென்று எனக்குத் தெரியாது.

அந்தப் பனிக்காலம் முடிவதற்குள் அவர் செத்துப்போனார். அண்ணாவும் ஆங்கெயும்தான் உடம்பு துடைத்து, முகம் வழித்து, வெள்ளைத் துணி போர்த்தினார்கள். ஆங்கெ யன்னலைத் திறந்து வைத்தாள். பிறகு அவருடைய மகன் வந்து நடைபாதையில் அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தம்பி, குறை நினைக்கக் கூடாது. கிரியையிலை நான் குடத்தோடை சுத்தி வரேக்கை பின்னாலை நிண்டு குடம் கொத்த ஆள் வேணும். உங்கடை ஆக்கள்தானே செய்யிறவை. அப்பா முறையாப் போக வேணும்," என்றார்.

நான் பக்கத்தில் படுக்கைத் துணிகளோடு நின்றேன். அண்ணா கையை விடுவித்துக்கொண்டார்.

"அண்ணை, உங்கடை அப்பாவுக்கு இஞ்சை செய்ததெல்லாம் என்ரை வேலை. அதைச் செய்திட்டன். நீங்கள் கேக்கிறது என்ரை வேலை இல்லை."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். செத்தவீட்டுக்கு இல்லத்தின் சார்பில் அண்ணா, ஆங்கெ, நான் மூன்று பேரும் போனோம். எரிக்கிற இடத்து மண்டபத்தில் தரை நனையக்கூடாதென்று நீலப் பிளாஸ்ரிக் விரித்திருந்தார்கள். மகன் தோளில் குடத்தோடு சுற்றி வந்தார். பின்னால், ஒஸ்லோவில் வாங்கிய சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் கத்தியோடு அப்பா நின்றார்.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கொத்து, குடத்தில் இருந்து தண்ணீர் நூலாக ஒழுகிப் பிளாஸ்ரிக்கில் விழுந்தது. ஆங்கெ என் காதுக்குள், "உங்கள் அப்பா இவர்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். திரும்பிப் பார்த்தபோது அண்ணா இல்லை. கதவு ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டில் அண்ணா கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"நான் மாட்டன் எண்டு சொன்னது தெரிஞ்சுதானே போனீங்கள்?"

"ஓம். செத்தவீட்டுக்காரர் வாசல்லை வந்து நிண்டு கேட்டா என்னண்டு இல்லையெண்டிறது?"

"என்னை வேண்டாமெண்ட வீடப்பா அது."

அப்பா கோட்டைக் கழற்றி மடித்தார். "நீ வேலையெண்டு போயிடுவாய். அம்மாவும் தங்கச்சியும் இந்தச் சனத்துக்கைதானே இருக்கோணும்," என்றார்.

இவ்வளவு நாளும் வடையால் மூடிவைத்த விசயம் அந்த ஒரு நாளில் ஒஸ்லோ முழுக்கத் தெரிந்துவிட்டது. கோயிலில் அம்மாவோடு கதைக்கிறவர்கள் கதைத்தார்கள், குரலில் மட்டும் ஒரு இரக்கம் வந்து சேர்ந்திருந்தது. வேறு செத்தவீடுகளுக்கும் அப்பாவைக் கூப்பிட்டார்கள். போனார். காலையில் கந்தோர்களைக் கூட்டித் துடைத்துவிட்டு அந்தக் கோட்டோடு போவார்.

அண்ணா ஆங்கெயை நீதிமன்றத்தில் பதிவுக் கலியாணம் செய்தார். அம்மாவும் நானும் போனோம். அப்பா வேலை என்று சொல்லிவிட்டார். அங்கே அண்ணா அவளுடைய பெயரை எடுத்துக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் ஊல்முக்குப் போய்விட்டார்கள். அங்கே அவரும் ஆயிரக்கணக்கான பாடர்களில் ஒருவர். நிறத்தைப் பார்த்து எந்த நாடு என்று கேட்பார்களாம், பெயரை ஒருவரும் கேட்பதில்லையாம்.

அப்பாவிடம் இதைச் சொல்ல அம்மாவுக்குப் பயம். நான்தான் சொன்னேன். அவர் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அதென்ன பேர்? என்ன அர்த்தம்?"

எனக்கு மறைக்கத் தெரியவில்லை. "பரியாரி எண்டு வரும் அப்பா. அந்தக் காலத்திலை அங்கையும் மயிர் வெட்டினவையாம், முகம் வழிச்சவையாம். அவையையும் ஒதுக்கித்தான் வைச்சவையாம்."

அப்பா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பகிடி விடுகிறேன் என்று முதலில் நினைத்திருக்கவேண்டும். பிறகு கேட்டார்.

"அப்ப ஏன் என்ரை பேரை விட்டவன்?"

அன்று பின்னேரம் அண்ணாவுக்கு ரெலிபோன் எடுத்து அதை அப்படியே சொன்னேன். "அது அப்பான்ரை பேர் இல்லைப் பிள்ளை. விதானையான் வைச்சது," என்றார். அதை அப்பாவிடம் சொன்னேன். எழுபது வருடமாகக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்த பெயர் தன்னுடையதில்லை என்று கேட்டால் ஒரு மனிதர் என்ன சொல்வார்? அப்பாவும் அண்ணாவும் பிறகு கதைக்கவே இல்லை. அப்பாவின் இருதயம் நின்றபோது அண்ணா விமானம் ஏறி வந்தார். குடம் தூக்கினார். கொத்துவதற்கு ஆள் வேண்டாம் என்று ஐயரிடம் சொல்லிவிட்டார். நிறைகுடத்தோடு சுற்றி வந்து, அதை அப்படியே தரையில் வைத்தார்.

அந்த முதியோர் இல்லத்தை இடித்துவிட்டார்கள், இப்போது அந்த இடத்தில் கண்ணாடிப் பல்கணிகளோடு வீடுகள். கனகசபையரின் மகன் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். இப்போது ஒஸ்லோவில் செத்தவீட்டில் குடம் கொத்துவதற்கு ஒருவரையும் தேடிப்போவதில்லை, நிற்கிற மருமகன் யாராவது கொத்திவிடுகிறார். நான் சென்னைக்காரர் ஒருவரைக் கட்டினேன். கலியாணத்துக்கு முதல் என் தகப்பன் பெயரைக் கேட்டுவிட்டு, "நாகனா? ஷார்ட்டா நல்லாருக்கே," என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. நானும் அவருடைய பெயருக்கு மாறிவிட்டேன், பிள்ளைகளுக்கும் அதுதான்.

போன வருடம் அம்மா செத்துப்போனா. நோர்வேயில் நாகன் என்ற பெயரோடு இருந்த எங்கள் ஆட்களில் கடைசி ஆள் அவதான்.