வானத்துக்கு ஓர் இருக்கை

அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் இன்று பஸ் ஓடுகிறது. முன் கேட்டில் ஏறினால் மருத்துவக் கல்லூரி, நூலகம், விடுதிகள் என்று நின்று நின்று போய்ப் பின் கேட்டில் இறக்கிவிடும். புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் வாரம் முழுக்கத் தொலைந்துபோய்த்தான் திரிவார்கள். மரவேலைக் கூடத்தில் போய் வழி கேட்டால் ஒரு பெரியவர் உளியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்துத் தெருவில் நிற்பவனுக்குச் சொல்வதுபோல உரக்கச் சொல்வார். அவரை எல்லாரும் இருக்கையார் என்கிறார்கள். எந்நேரமும் உட்கார்ந்தே இருப்பார் போலிருக்கிறது, அதனால் வந்த பெயர் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பெயர் வந்த கதை வேறு.

அப்போது அங்கே இருந்தது நெசவாலை. அவர் ஆலைத் தச்சர். தறியில் மரத்தால் ஆன எது உடைந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்கள் என்றால் வாயால் அல்ல. அத்தனை தறியும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்க வேண்டும். ஆலைக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். வெளியே வந்தாலும் உரக்கப் பேசுவார்கள், எதிராளியின் வாயையே பார்ப்பார்கள்.

ஆலை நொடித்தது. கேட்டில் சங்கிலி விழுந்தது. ஊரில் பாதி வீட்டில் அடுப்பு யோசித்து யோசித்து எரிந்தது. பிறகு ஒருநாள் அறிவிப்பு வந்தது: நகரத்துக்கென்று ஒரு பல்கலைக்கழகம், அதுவும் இந்த ஆலைக் கட்டடத்திலேயே.

"நாம வயித்தைக் காட்டினோம், அவங்க புத்தகத்தைக் காட்டறாங்க," என்றான் அவருடைய மச்சான். மனைவியின் தம்பி. ஆலை வாசலில் டீக்கடை வைத்து, குடிக்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தவன். "துணைவேந்தர்னு ஒருத்தர் வர்றாராம் மாமா. துணை வந்துட்டாரு, சரி. வேந்தர் எங்க?"

"அவரு பட்டம் குடுக்கற அன்னைக்கு மட்டும் வருவாராம்."

"அப்ப நம்ம பழைய முதலாளி மாதிரிதான். போட்டோ எடுக்கற அன்னைக்கு மட்டும் வருவாரு."

கட்டடத்தைச் சீர்படுத்த ஆள் எடுத்தார்கள். இவருக்கும் இடம் கிடைத்தது. எடுத்தவர் பதிவாளர். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நடக்கிற மனிதர். "திறப்பு விழா வரைக்கும் தினக்கூலி. வேலை எனக்குப் பிடிச்சிருந்தா நிரந்தரம். பிடிக்கலைன்னா கும்பிடு," என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் மனைவி அதையே பிடித்துக்கொண்டாள். "ஏங்க, இந்தத் தடவையாவது சொன்ன வேலையை மட்டும் செய்ங்க. சொல்லாத வேலையைச் செஞ்சுதான் நீங்க எப்பவும் மாட்டிக்கறீங்க."

"சொன்னதைத்தான்டி செய்வேன்."

"கத்தாதீங்க. பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் சேர்த்தா சொல்றீங்க?"

அவர் சொன்ன வேலையைத்தான் செய்தார். வம்பே அதில்தான் வந்தது.

ஒருநாள் கேட்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். அவர் படித்தது கொஞ்ச வகுப்புதான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். நின்று படித்தார். 'முதல் ஆண்டில் கணிதம், வரலாறு, வானியல் ஆகிய துறைகளுக்கு மூன்று இருக்கைகள் நிறுவப்படும்.' கீழே பதிவாளர் கையெழுத்து.

இருக்கை என்றால் உட்காருவது. அது யாருக்கும் தெரியும். ஆனால் நாற்காலி என்று எழுதாமல் இருக்கை என்று எழுதியிருக்கிறார்களே, அப்படியென்றால் சும்மா நாற்காலி இல்லை. பெரியதாக, கம்பீரமாக இருக்க வேண்டும். 'நிறுவப்படும்' என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. 'புதிய தறிகள் நிறுவப்படும்' என்று இதே கேட்டில் முன்பு ஒட்டியிருந்தார்கள். தறி வந்தது. தரைக்கல்லில் ஈயம் காய்ச்சி ஊற்றி, போல்ட்டை நட்டு, அதில் தறியைப் பூட்டினார்கள். நிறுவுவது என்றால் அதுதான். அசையக் கூடாது.

கிடங்குக் கூரையிலிருந்து இறக்கிய தேக்கு உத்தரங்கள் பின்கட்டில் அடுக்கியிருந்தன. தட்டினால் வெண்கலம்போலக் கணீரென்ற மரம். எடுத்தார். அறுத்தார், இழைத்தார், முதுகுச் சாய்வில் வளைவு கொடுத்தார். நெசவுக்கூடத்தில் தறி நின்ற இடத்தில் பழைய போல்ட்டுகள் அப்படியே துருத்திக்கொண்டு நின்றன. மூன்று இருக்கைகளையும் அவற்றின் மேல் இறக்கி, நட்டு போட்டு முறுக்கினார். உண்மையைச் சொல்ல வேண்டும், பார்த்தால் ராஜா வந்து உட்காரலாம் போல இருந்தன.

திறப்பு விழா அன்று காலையில் பதிவாளர் கூடத்துக்குள் வந்தார். கைக்குட்டை கழுத்திலேயே நின்றுவிட்டது.

"என்னய்யா இது?"

"இருக்கை சார்."

"எது?"

"நிறுவியாச்சு சார்." அவர் நட்டைத் தட்டிக் காட்டினார். "யானை இழுத்தாலும் வராது."

"யாருய்யா உன்னைச் செய்யச் சொன்னது?"

"நீங்கதான் சார். கேட்டுல ஒட்டியிருக்கீங்க. கீழ உங்க கையெழுத்து."

பின்னால் நின்ற எழுத்தர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் கூடமே சிரித்தது. பதிவாளர் சிரிக்கவில்லை. அந்தத் தேக்கு நூலக அலமாரிக்கு வைத்திருந்தது. புத்தகங்களெல்லாம் மூட்டையில் கிடந்தன.

"இருக்கைன்னா பேராசிரியர் பதவிய்யா! மரச்சாமான் இல்ல!" என்றார். "விழா முடிஞ்சதும் மூணையும் கழட்டு. அறுத்துப் பலகையாக்கு. அலமாரி நின்னா உன் வேலை நிக்கும். நிக்கலைன்னா நீ கிளம்பு."

டீக்கடைக்குச் செய்தி தச்சருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. "வாங்க இருக்கையாரே," என்றான் மச்சான். "நல்லவேளை, 'துறைத்தலைவர்'னு ஒட்டலை. நீங்க தலையைச் செதுக்கியிருப்பீங்க."

அவர் டீயைக் குடிக்காமலே திரும்பினார். கூடத்தில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான உருவம், கையில் பை, முகத்தில் ரயில் பயணத்தின் கரி. ஒரு இருக்கையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாருக்கு?"

"வானியலுக்கும்மா. யாரோ பெரிய ஆளு வர்றாராம்."

"நான்தான் அந்தப் பெரிய ஆளு," என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார். கால் தரையில் எட்டவில்லை, தொங்கியது.

இவர் குனிந்து இருக்கையின் காலைப் பார்த்தார். "கீழ கொஞ்சம் அறுத்துத் தர்றேம்மா."

"நிறுவினதை அறுக்கலாமா?" கதை அந்த அம்மாவுக்கும் எட்டியிருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பில் குத்தல் இல்லை. அதனால் இவருக்குக் கேட்கத் தைரியம் வந்தது.

"பதவின்னு சொன்னாங்க. அதுல என்னம்மா வேலை?"

"ஒரு விஷயத்தை எடுத்துக்கிட்டு ஆயுசு முழுக்க யோசிக்கணும். யோசிச்சதை வர்ற பிள்ளைங்களுக்குச் சொல்லணும்."

"யோசிக்கறதுக்கா? சம்பளம் உண்டா?"

"உண்டு."

"யாரு தர்றா?"

"இந்த ஊருதான். நீங்களுந்தான். நீங்க கட்டற வரியில அதுவும் இருக்கு."

"நான் தர்றேனா!"

"ஆமா. உங்களுக்குப் பதிலா நான் வானத்தைப் பார்க்கறேன். பார்த்து, அங்க என்ன இருக்குன்னு வந்து சொல்றேன்."

சோற்றுக்கு அல்லாடுகிற ஊர் ஒன்று, தன் சார்பாக வானத்தைப் பார்க்க ஓர் ஆளை உட்கார வைக்கிறது. இதை இதுவரை யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

அன்று மாலை பேச்செல்லாம் பேசி, மாலையெல்லாம் போட்டு முடிந்ததும் முதல் பாடம் நடந்தது. அதே நெசவுக்கூடத்தில். கணிதக்காரரும் வரலாற்றுக்காரரும் இன்னும் வந்து சேராததால் அந்த அம்மாவே எடுத்தார். முன்னால் மாணவர்கள். பின் சுவரோரம் பழைய ஆலைக்காரர்கள், வேடிக்கை பார்க்க. மச்சான்கூடக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தான். ஒலிபெருக்கி பாதியிலேயே படுத்துவிட்டது. மாணவர்கள் கழுத்தை நீட்டினார்கள். ஆலைக்காரர்களுக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை, அந்த அம்மாவின் உதட்டைப் பார்த்தபடி நின்றார்கள்.

அந்த அம்மா ஜன்னல் வழியே ஆலைப் புகைபோக்கியைக் காட்டினார். அதில் ஏறாமல் அதன் உயரத்தைச் சொல்லலாம் என்றார். ஒரு கோலை வெயிலில் நட்டு, கோலின் நிழலையும் புகைபோக்கியின் நிழலையும் அளந்தால் போதும். பலகையில் ஒரு முக்கோணம் போட்டார். பக்கத்திலேயே இன்னொரு பெரிய முக்கோணம். "அளவுதான் வேற. ஆள் ஒண்ணுதான்," என்றார். பிறகு மூன்றாவதாக ஒன்று போட்டார். அதன் உச்சி பலகைக்கு வெளியே போய்விட்டது. "இதோட உச்சியில நிலா இருக்கு. இந்த ஊர்ல ஒருத்தர், ரொம்பத் தூரத்து ஊர்ல ஒருத்தர், ஒரே நேரத்துல நிலாவைப் பார்த்துக் கோணத்தைக் குறிச்சாப் போதும். எவ்வளவு தூரம்னு சொல்லிடலாம். அதுவும் முக்கோணந்தான்."

இருக்கையாருக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. மூலைமட்டத்தைக் கையில் பிடித்தே வளர்ந்தவர். மூன்று பக்கம் வைத்த அந்தச் சாமான் கதவு நிலைக்கும் பெட்டிக்கும் உதவும் என்றுதான் இருந்தார். அது நிலா வரைக்கும் போகும் என்று யார் கண்டது! வெளியே வந்து புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். இத்தனை வருஷம் அதன் கீழேயே கிடந்தவர், அன்றுதான் புதிதாகப் பார்த்தார்.

"மாமா, வேலை போகப் போவுது, நீங்க மேல பார்த்துக்கிட்டு நிக்கறீங்க," என்றான் மச்சான். ஆனால் அவனும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார். வேறு வழி? வீட்டில் மனைவி காலையில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமலிருந்தால் அடுப்படியில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். கணித இருக்கையைக் கழற்றினார். வரலாற்றையும் கழற்றினார். மூன்றாவதுக்குத் திரும்பினால் அந்த அம்மா அதில் உட்கார்ந்திருந்தார்.

விழாவுக்கு வாடகைக்கு எடுத்த பெஞ்சுகளெல்லாம் திரும்பப் போய்விட்டன. அந்தக் கூடத்தில் உட்கார அது ஒன்றுதான் இருந்தது. மடியில் தாள், கையில் பென்சில். எழுதவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒன்றுமில்லை.

எழுந்திருப்பார் என்று இவர் நின்றார். எழவில்லை. இருமிப் பார்த்தார், கேட்கவில்லை. ஒரு தடவை அந்த அம்மாவின் உதடு அசைந்தது. பேச்சில்லை, ஏதோ எண்கள். புருவம் சுருங்கியது, விரிந்தது. பென்சில் ஒரு கோடு போட்டு நின்றது. வெயில் ஜன்னலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்பேனர் கனத்தது. ஓர் ஆள் யோசிப்பதை இவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்ததே இல்லை. வெளியே ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் உள்ளே ஏதோ பெரியது ஓடிக்கொண்டிருந்தது, நின்ற இடத்திலேயே அதன் அதிர்வு தெரிந்தது.

அவர் ஸ்பேனரோடு பதிவாளரிடம் போனார்.

"ரெண்டு கழட்டியாச்சு சார். மூணாவது முடியாது."

"ஏன்?"

"ஆள் இருக்காங்க."

"எழுப்புய்யா."

"எழுப்பக் கூடாது சார். வேலை நடக்குது. ஓடற தறியில கை வைக்கறவன் ஆலைக்காரனே இல்ல."

"என்ன வேலை நடக்குது அங்க?"

"யோசிக்கிறாங்க."

பதிவாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். முகம் சிவந்திருந்தது. விடுவிடுவென்று நடந்தார். இவர் பின்னாலேயே போனார், போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டு. கூடத்து வாசலில் பதிவாளர் நின்றார். உள்ளே பார்த்தார். நேரம் போனது. கழுத்து வேர்த்தது, துடைக்கவில்லை. அந்த மனிதரும் மாதக்கணக்கில் கூரைக்கும் குழாய்க்கும் கோப்புக்கும் அலைந்தவர்தான். எதற்காக அலைந்தோம் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தார் போலிருக்கிறது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஓசைப்படாமல் திரும்பி நடந்தார். வராந்தாவின் கோடிக்குப் போனதும்தான் பேசினார். அதுவும் ரகசியம்போல.

"ரெண்டுல எவ்வளவு அலமாரி வரும்?"

"பாதி வரும் சார்."

"பாதி போதும். மீதிப் புத்தகம் அடுத்த வருஷம் வரைக்கும் மூட்டையில இருக்கட்டும். நாளைக்கு வந்து வேலையில சேர்ற உத்தரவை வாங்கிக்கோ."

வீட்டுக்குப் போய் அதைச் சொன்னபோது பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்கட்டும் என்று மனைவியே விட்டுவிட்டாள்.

அப்புறம் அது வளர்ந்தது பாருங்கள், கண்ணை மூடித் திறப்பதற்குள் என்பார்களே, அப்படி. நூற்புக்கூடம் ஆய்வுக்கூடமானது. கொதிகலன் அறை உணவகமானது. அதை மச்சான் எடுத்து நடத்தினான். சுற்றுத் தெருக்களில் மெஷின் எண்ணெய்க் கடைகளெல்லாம் ஜெராக்ஸ் கடைகளாயின. தறி ஓட்டியவர்களின் பெண்கள் பையை மாட்டிக்கொண்டு அதே கேட்டுக்குள் போனார்கள். சட்டத்துக்கு ஓர் இருக்கை வந்தது. நீருக்கு ஒன்று வந்தது. காதுக்கு ஒன்று வந்தது. அந்த மருத்துவர் இவருடைய காதைப் பார்த்துவிட்டு, "பாதியைத் தறி தின்னுடுச்சு," என்றார். ஒவ்வொரு புது இருக்கைக்கும் முதல் பாடம் நடக்கும்போது இருக்கையார் கடைசிச் சுவரோரம் போய் நிற்பார். பாதி புரியும், பாதி புரியாது. விடமாட்டார்.

போன மாதம் புதிதாக ஒருவர் வந்தார். இளைஞர். அலமாரி அளவெடுக்கப் போன இவர் கேட்டார்: "தம்பி, நீங்க எதைப் பத்தி யோசிக்கப் போறீங்க?"

"கரையான்."

இருக்கையார் அளவு நாடாவைக் கீழே விட்டார். "ஆயுசு முழுக்கவா? நான் ஆயுசு முழுக்க அதைக் கொன்னுக்கிட்டிருக்கேன்யா!"

முதல் பாடத்துக்குப் போனார். கண் தெரியாத பூச்சி, ஈர மண்ணை எச்சிலில் குழைத்து, காற்று வந்து போக வழி வைத்துக் கோட்டை கட்டுகிறது, மேஸ்திரி யாரும் இல்லாமல் என்றார் அந்தப் பிள்ளை. இருக்கையார் தலையை ஆட்டிக்கொண்டே வெளியே வந்தார். "கரையானுக்கே ஆள் போட்டுட்டாங்க. இவங்க எதையும் விடப் போறதில்ல," என்று மச்சானிடம் சொன்னார்.

மரவேலைக் கூடத்தில் ஒரு பலகையின் அடியில் மண் கோடு ஓடியிருந்தது. மருந்து டப்பாவைத் திறந்தவர் குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மண்டியிட்டு, வெகுநேரம் பார்த்தார். பிறகுதான் ஊற்றினார்.