லாம்ரியாவின் இரண்டாம் சரணம்

தோபா ஏரியைச் சுற்றியுள்ள கிறிஸ்தவ சபைகளில் லாம்ரியா மானிஹுருக்கைத் தெரியாதவர்கள் குறைவு. வாரமெல்லாம் வெங்காயத் தோட்டத்தில் முதுகொடிய வேலை பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு கோயிலில் நிற்பாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு பாட்டு, மழை பொய்த்த வருஷம் ஒரு பாட்டு, அம்மா இறந்த பிறகு ஒரு பாட்டு. எல்லாம் அவளே கட்டியவை. கைம்மாறாக யாராவது அரிசியோ கோழியோ கொடுத்தனுப்புவார்கள்.

அம்மாவுக்காகக் கட்டிய பாட்டுதான் அவளைப் பெரிய ஆளாக்கியது. பாடுவதற்கு முன் கொஞ்சம் சாட்சி சொல்வாள். “எங்கப்பா குடிகாரரா இருந்தாரு. அம்மா கல்யாணத்துக்குப் போர்த்தின உலோஸைக்கூட விட்டு வைக்கல...” என்று ஆரம்பித்ததுமே பெண்கள் மூக்கை உறிஞ்சத் தொடங்கிவிடுவார்கள். உலோஸ் என்பது சாதாரணத் துணியா? பெற்றவர்கள் ஆசீர்வதித்துத் தோளில் போட்ட சீலை. சாகும்போதும் கூட வருவது. இரண்டாம் சரணம் வந்ததும் சபையே அவளோடு சேர்ந்துகொள்ளும்.

“அம்மாவின் சீலையை அப்பா குடித்தார்,
அன்றும் என் தேவன் என்னை உடுத்தினார்.”

அந்த அப்பா உயிரோடுதான் இருந்தார். பெயர் ஹலோமோவான். மனைவி போனபிறகு கள்ளைத் தொடவில்லை. சொந்த ஊர்க் கோயிலில் மணியடிப்பவர் அவர்தான். மகள் பாடும் ஞாயிறுகளில் மட்டும் மணியை அடித்துவிட்டு வெளியே பலாமரத்தடியில் நின்றுகொள்வார். “உள்ளே புழுக்கமா இருக்கு” என்பார். லாம்ரியாவும் அதை நம்பினாள். நம்புவது வசதியாக இருந்தது.

தங்கை தியோடோர், சுகாதார நிலையத்தில் நர்ஸ். அவளைப் பெண் கேட்டு நாய்பாஹோ குடும்பத்தார் வந்தார்கள். மாப்பிள்ளை பாருலியான், பள்ளிக்கூட வாத்தியார். வழக்கப்படி அவர்கள் பன்றியைச் சமைத்துத் தூக்கி வந்தார்கள். பெண் வீட்டார் கெண்டை மீன் பரிமாற வேண்டும். விடியலிலேயே எழுந்து மீனுக்கு மசாலா அரைத்தவர் ஹலோமோவான். காரம் சரியாக இருக்கிறதா என்று மூன்று பேரிடம் ருசி பார்க்கச் சொன்னார். வெள்ளைச் சட்டையை அவரே தேய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

பாயில் எல்லோரும் உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் அத்தை லாம்ரியாவைக் கண்டுகொண்டாள். தங்கள் சபையில் பாடகர் குழுவை நடத்துகிறவள், கனத்த உடம்பு, கனத்த குரல்.

“அடி நீதானா அந்த லாம்ரியா! கடவுளே, உன் பாட்டைப் பாடாம எங்க பெண்கள் கூட்டம் முடியறதே இல்ல. எத்தனை தடவை அழுதிருக்கேன் தெரியுமா!”

லாம்ரியா சிரித்தாள். பெருமையில் மனசு குளிர்ந்துபோயிற்று.

அத்தை அதே சந்தோஷத்தோடு, மீன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த கிழவரிடம் திரும்பினாள். “அப்போ பெரியவரே, அந்தச் சீலையைக் குடிச்ச மனுஷன் நீங்கதானா?”

அவள் குரலில் விஷமம் இல்லை. பாட்டில் கேட்டவரை நேரில் பார்த்த ஆச்சரியம்தான். ஆனால் பாயில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது.

“ஆமாம்மா, நான்தான்” என்றார் ஹலோமோவான். தட்டைக் கவனமாகச் சம்பந்தி முன்னால் வைத்தார். “ஆறிடப் போகுது, சாப்பிடுங்க.”

மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் சும்மா இருக்கவில்லை. “கல்யாணத்தன்னைக்குச் சீலையெல்லாம் யாராவது பூட்டி வைங்கப்பா. மாமாவுக்குத் தாகம் எடுத்துடப் போகுது!”

சிரிப்பு வெடித்தது. ஹலோமோவானும் சிரித்தார். பல் தெரியச் சிரித்துக்கொண்டே சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். லாம்ரியாவுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

தியோடோர் பின்னாலேயே வந்தாள். கண்ணீர் இல்லை, கோபம்தான்.

“அக்கா, அந்தச் சீலை எங்க போச்சுன்னு உனக்குத் தெரியாதா?”

லாம்ரியா சோற்றுப் பானையைப் பார்த்தாள்.

“எனக்கே தெரியும். அப்போ நான் சின்னப் பிள்ளை. உனக்குக் கித்தார் வேணும்னு ரெண்டு நாள் சாப்பிடாமக் கிடந்தே. அம்மாவே சீலையை மடிச்சு அப்பா கையில கொடுத்தா. அவரு பங்குருரான் சந்தைக்குப் போய் வித்துட்டு, ஒரு சொட்டு குடிக்காம, கித்தாரைத் தலையில வச்சுக்கிட்டு வந்தாரு. மழைடி அன்னைக்கு. நெசமா இல்லையா?”

“நெசம்தான்.”

“அப்புறம் ஏன்டி அப்படி எழுதினே?”

பதில் இருந்தது. சொல்லத்தான் கூசியது. ‘உடுத்தினார்’ என்ற சொல் முதலில் வந்துவிட்டது. அதற்கு இணையாக ‘குடித்தார்’ தானாக வந்து உட்கார்ந்தது. அப்பா குடித்ததும் பொய்யில்லையே என்று அன்றைக்குச் சமாதானம் செய்துகொண்டாள். பாடிப் பார்த்தபோது அவளுக்கே கண் கலங்கியது. தன் பாட்டுக்குத் தானே அழுததை இப்போது நினைத்தால் உடம்பு எரிந்தது.

கூடத்துக்குத் திரும்பி வந்து, நின்றபடியே சொன்னாள். “அந்தச் சீலையை அப்பா குடிக்கல. எனக்குக் கித்தார் வாங்க வித்தாரு. பாட்டுல நான் பொய் எழுதிட்டேன்.”

“உட்காரு லாம்ரியா” என்றார் ஹலோமோவான். அவர் முகம் சிவந்திருந்தது. “வந்தவங்க முன்னாடி என்ன பேச்சு இது? நான் ஆமான்னு சொல்லியாச்சு. இப்போ என்னைப் பொய்யனாக்கறியா?”

மாப்பிள்ளையின் அத்தை கையில் எடுத்த மீனை வாயில் வைக்காமலே இருந்தாள். “அப்போ நாங்க அழுததெல்லாம் என்னம்மா?” என்று கேட்டாள், குழந்தை மாதிரி.

லாம்ரியா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கடைசியில் மாப்பிள்ளையின் அப்பாதான் தொண்டையைச் செருமி, “மீன் ரொம்ப நல்லா இருக்கு சம்பந்தி, யாரு சமையல்?” என்று பேச்சை நகர்த்தினார். கல்யாணம் நிச்சயமாயிற்று. அதில் குறை ஒன்றும் வரவில்லை.

எல்லோரும் போனபின் அப்பா ஏரிக்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். லாம்ரியா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“ஏம்பா இத்தனை நாள் ஒண்ணுமே சொல்லல?”

“என்னன்னு சொல்றது? சீலையைக் குடிக்கல, சரி. அவ அரிசியைக் குடிச்சேன். அவ தூக்கத்தைக் குடிச்சேன். எதையோ ஒண்ணைப் பாட்டுல போட்டுத்தானே ஆகணும்னு விட்டுட்டேன்.”

“அப்புறம் ஏன் வெளியில போய் நிப்பீங்க?”

அவர் தட்டைச் சாம்பலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். “நான் செஞ்சதுல உருப்படியானது அந்தக் கித்தார் வாங்கினது ஒண்ணுதான். உங்கம்மா வேற அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டே சீலையைக் கொடுத்தா. அந்த வரி வரும்போது மட்டும் உள்ளே உட்கார முடியல.”

லாம்ரியா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். “போ, ஈரத்துல உட்காராதே” என்று அவர் துரத்திவிட்டார்.

அடுத்த ஞாயிறு சொந்தச் சபையில் எழுந்து நின்று உள்ளதைச் சொன்னாள். போதகர் தலையாட்டினார். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பட்டது. பிறகு பாடினாள், ‘சீலையை அப்பா விற்றார், சின்னவள் கைக்கு இசையைத் தந்தார்’ என்று மாற்றிப் பாடினாள். அவள் வாய் புதிய வரியைச் சொல்ல, முன்னூறு வாய்கள் பழைய வரியைப் பாடின. வருஷக்கணக்கில் ஊறிப்போன வரி. வெட்கத்தில் கித்தார் தப்புத் தப்பாக விழுந்தது. வெளியே வரும்போது ஒரு அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு, “பழசுதான் மனசைத் தொடுதும்மா, அதையே வச்சுக்கோ” என்றாள்.

அதோடு அந்தப் பாட்டைப் பாடுவதை விட்டுவிட்டாள். ஆனால் பாட்டு அவளை விட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அவள் இல்லாமலேயே ஏரியின் அக்கரையில் பாடினார்கள், அப்பாவைக் குடிக்க வைத்து. சந்தையில் யாராவது முணுமுணுத்தால் வெங்காயக் கூடையை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவாள். சாட்சி சொல்லக் கூப்பிட்டால், தொண்டை சரியில்லை என்பாள்.

பாட்டுக் கட்டுவதை மட்டும் நிறுத்த முடியவில்லை. புதிதாக ஒன்று வந்தால் முதலில் அப்பாவிடம் பாடிக் காட்டுவாள். அவர் வலையைப் பின்னிக்கொண்டே கேட்பார்.

“ரெண்டாவது வரியில அப்பா பெரிய மீன் பிடிச்சாருன்னு வருதே,” என்பார். “அது நான் பிடிச்சது இல்ல, கடையில வாங்கினது.”

“மாத்திடறேன்பா” என்பாள் லாம்ரியா, அவர் முகத்தைப் பார்க்காமல்.