கிழிந்தால் பாஸ்

எங்கள் ஆய்வகத்தில் கார் கண்ணாடியை ஒட்டும் பசையைச் சோதிக்க ஒரு முறை உண்டு. கண்ணாடித் துண்டில் கறுப்புப் பசையை இட்டு, இறுகியபின் குறடால் பிடித்து இழுப்போம். பசை நடுவில் கிழிந்து கண்ணாடியிலும் மிச்சம் நின்றால் நல்ல ஒட்டு. சுத்தமாக உரிந்து வந்தால், அடிப்பூச்சான பிரைமரைச் சரியாகப் பூசவில்லை என்று அர்த்தம். எங்கள் கம்பெனியில் கண்ணாடி ஒட்டும் லைனில் சுருக்கமாகச் சொல்வார்கள்: கிழிஞ்சா பாஸ், உரிஞ்சா ரிஜெக்ட்.

ஒரகடத்தில் அந்த லைனில் நின்றவள் என் தோழி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. குன்றத்தூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். எனக்கு ஆய்வகத்தில் வேலை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான்தான். அதை யாரிடமும் சொல்லத் தயங்கியதில்லை. அவளும் வேதியியல்தான் படித்தாள். ஒரு தாளில் அரியர் விழுந்து பட்டம் நின்றுபோயிருந்தது. தேறினால் ஆய்வகத்தில் எடுத்துக்கொள்வதாக எங்கள் மேலாளர் சொல்லியிருந்தார். அவள் அப்பாவும் வாக்குக் கொடுத்திருந்தார்: தேறினால் வேலை, இல்லையென்றால் மாமா மகனோடு கல்யாணம்.

கம்பெனி பஸ்ஸிலேயே படித்தோம். பிணைப்புகளை வலிமைப்படி அடுக்கச் சொல்வேன். சகப்பிணைப்பும் அயனிப் பிணைப்பும் மேலே. ஹைட்ரஜன் பிணைப்பு வெகு கீழே. வாண்டர்வால்ஸ் விசை அதற்கும் கீழே. மனப்பாடமாக ஒப்பித்தாள். ஆனால் அயனிப் பிணைப்பை மட்டும் அவளால் நம்ப முடியவில்லை.

"ஏட்டி, உப்பத் தண்ணியில போட்டா காணாமப் போயிருது. அதப் போயி வலுன்னு சொல்லுத?"

"அடுப்புல வெச்சிப் பாரு, எண்ணூறு டிகிரி வரைக்கும் உருகாது. தண்ணில கரையறது அது வீக்குன்னு இல்லடி. ஒவ்வொரு அயனியையும் சுத்தித் தண்ணி மூலக்கூறு கும்பலா வந்து நிக்கும். ஆளுக்குக் கொஞ்சமா இழுத்துக்கினே இருக்கும். ஒத்தையா இன்னா பண்ணும்?"

"எங்க சொந்தக்காரங்க கணக்கா," என்றாள். முன்சீட்டில் தூங்குவதுபோல் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

ஊருக்குப் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். உப்புக் கேள்வியே வந்ததாம். மாடிப்படி ஏறும் முன்பே அதைச் சொன்னாள்.

பரீட்சை முடிவு வருவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டார் வேனில் வந்தார்கள். அப்பா, அம்மா, இரண்டு அத்தை, ஒரு சித்தி, இன்னும் சிலர். மாமாவுக்கு உடம்பு முடியவில்லையாம். கண்மூடுவதற்குள் மகன் கல்யாணத்தைப் பார்க்க வேண்டுமாம். யாரும் குரல் உயர்த்தவில்லை. ஓர் அத்தை அவளுக்குத் தலை பின்னிவிட்டாள். அவள் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சித்தி துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். என் அம்மா கேட்டாள்: "ரிசல்ட்டு வர்ற வரைக்கும் எங்க வூட்லயே இருக்கட்டுமே, இன்னா அவசரம்?" அவர்கள் மரியாதையாகச் சிரித்து, காபி குடித்தார்கள்.

கொடுத்த வாக்கை நான் அவள் அப்பாவுக்கு நினைவுபடுத்தினேன்.

"தேறட்டும்மா, நல்லதுதான," என்றார் அவர். "கல்யாணப் பத்திரிகையில போட்டுக்கிடலாம்."

அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். வேன் ஜன்னல் வழியாகக் கை நீட்டி என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, இது கிழிஞ்சதா, உரிஞ்சதா?"

வேன் நகர, தெருமுனை வரை கையை விடாமல் கூடவே நடந்தேன்.

அவள் தேறிவிட்டாள். கல்யாணப் பத்திரிகை போனில் வந்தது. பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. என்று அச்சிட்டிருந்தார்கள். ஆய்வகத்தில் அவளுக்கென்று பேசிவைத்திருந்த இடத்துக்கு வேறொருவர் வந்தார்.

சோதனை முடிந்தபின் கண்ணாடியில் நிற்கும் மிச்சத்தைச் சுரண்டி எடுப்பதும் என் வேலைதான். நல்ல ஒட்டாக இருந்தால் அது லேசில் வராது. கத்தியை மாற்றி மாற்றிச் சுரண்டினாலும் கறுப்பு கொஞ்சம் தங்கிவிடும்.